பதினொரு நிமிடத்துக்கு முந்தைய இப்போது

அந்த நிறுவனத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்ததில் அவருக்கு மிஞ்சியது கழுத்துவலியும் டிஸ்ப்ளே என்ற பெயரும்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துக் காப்பாற்றும் கண்ணாடிப் பெட்டிகளை அரசு மருத்துவமனைகளுக்குச் செய்துகொடுக்கும் நிறுவனம் அது. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை உண்டு. குழந்தையின் உடம்புச் சூடு அதில் கொட்டை எழுத்தில் தெரியும். அந்த எண்ணைத் திரையில் காட்டும் நிரலை எழுதியவர் இவர். அதனால் கேன்டீன்காரர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் இவர் டிஸ்ப்ளே. பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் மனைவி, இதே பெட்டிகள் வரிசையாக நிற்கும் வார்டில் மூத்த நர்ஸ். வேலைப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் அதை உடைத்தாள்.

"உங்க பெட்டி பொய் சொல்லுது" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"எந்தப் பெட்டி?"

"எல்லாப் பெட்டியுந்தான். மூணாம் நம்பர்ல இருக்குற குழந்தையோட வயித்துல ஒட்டியிருந்த சென்சார் கழண்டு மெத்தையில கிடக்குது. பெட்டி என்ன நினைக்குது? குழந்தைக்குக் குளிருதுன்னு நினைச்சு சூட்டை ஏத்திக்கிட்டே போகுது. ஸ்க்ரீன்ல முப்பத்தாறு புள்ளி எட்டுன்னு சாதுவா நிக்குது. நான் தற்செயலா கையை உள்ள விட்டேன். குழந்தை கொதிக்குதுங்க."

"ஐயையோ. அப்புறம்?"

"தூக்கி, துணியை விலக்கி, சூட்டை இறக்கி, சென்சாரை மறுபடி ஒட்டி, தட்டித் தூங்க வச்சேன். அதுக்கப்புறம் உங்க பெட்டிக்கு ஞானோதயம் வந்து அலாரம் அடிக்குது. தூங்கின குழந்தை முழிச்சுக்கிச்சு. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிஷம் லேட்டு."

டிஸ்ப்ளேவுக்கு அந்தப் பதினொரு நிமிடம் புதிதல்ல. "அந்த எண் என்கிட்ட வந்து சேர்றதே அப்பத்தாம்மா" என்றார் மெல்ல.

"எங்கேருந்து வருது? வெளிநாட்டுலேருந்தா?"

"கர்னல்லேருந்து."

"நாங்க இப்ப ஸ்க்ரீன் மேல பிளாஸ்திரி ஒட்டிட்டோம். நாங்களே தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்து, பிளாஸ்திரி மேல பேனாவால எழுதிக்கறோம்" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போய்விட்டாள். பதினான்கு வருட உழைப்பின் மேல் பிளாஸ்திரி.

கர்னல் என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. எந்தக் கணினியிலும் கருவிகளை நேராகத் தொட உரிமையுள்ள உள்வட்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் கர்னல். டிஸ்ப்ளே எழுதியது போன்ற மற்ற நிரல்களெல்லாம் வெளியே நிற்பவை. எது வேண்டுமானாலும் கர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பவன் யோக்கியனா என்று கர்னல் பார்க்கும். தன்னிடம் உள்ளதில் ஒரு நகல் எடுக்கும். கேட்டவன் காட்டிய இடத்தில் அதை வைத்துவிட்டுப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான். வெளியே ஒருவன் குளறுபடி செய்தால் அவனோடு போய்விடும், வீடு இடிந்து விழாது. உலகமெங்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஆயிரம் தடவை நடக்கிறது.

இந்த நிறுவனத்தில் ஒரு தடவை நடக்கப் பதினொரு நிமிடம் ஆனது. வருடாவருடம் தணிக்கை வரும். ஒவ்வொரு தணிக்கைக்குப் பிறகும், உள்ளிருந்து வெளியே போகும் எண்ணைச் சோதிக்க ஓர் அடுக்கு கூட்டுவார்கள். முதல் அடுக்கு, வந்தது எண்தானா என்று பார்க்கும். இரண்டாவது, அதை நகல் எடுத்து நகலும் மூலமும் ஒன்றா என்று பார்க்கும். மூன்றாவது முத்திரை குத்தும். நான்காவது முத்திரையைப் பரிசோதிக்கும். ஏழாவதின் வேலை ஆறாவது தூங்கிவிட்டதா என்று பார்ப்பது. எட்டாவது என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஒருமுறை அதை எடுத்துப் பார்த்தார்கள். பெட்டி ஒரு மாதிரி இருமியது. பயந்துபோய்த் திரும்ப வைத்துவிட்டார்கள்.

கட்டடமும் நிரலைப் போலவே இருந்தது. கர்னல் பிரிவு மூன்றாம் மாடியில், இரும்புக் கதவுக்குப் பின்னால். டிஸ்ப்ளே போன்றவர்கள் இரண்டாம் மாடியில். நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் எல்லை அலுவலகம். கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதன் கீழே தாள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. உள்ளே எல்லை எழுத்தர்.

மறுநாள் காலை டிஸ்ப்ளே அந்த ஜன்னலில் போய் நின்றார்.

"எனக்கு அந்தச் சூடு எண் கொஞ்சம் சீக்கிரம் வேணும் சார். ஒரு செகண்டுக்குள்ள."

"விண்ணப்பம் இருக்கா?" என்றார் எழுத்தர்.

டிஸ்ப்ளே நீட்டினார். எழுத்தர் அதை வாங்கவில்லை. "மூலத்தை நாங்க தொடமாட்டோம். நகல்தான் எடுத்துக்குவோம். நான் நகல் எடுத்து முடிக்கற வரைக்கும் நீங்க பேனாவைப் பையில வச்சுக்கணும்."

"ஏன் சார்?"

"நான் படிச்சு முடிச்சதும் நீங்க மாத்தி எழுதிட்டா?"

டிஸ்ப்ளே பேனாவைப் பையில் வைத்தார். எழுத்தர் நகலைப் படித்தார். "எண்ணை எங்க கொண்டுவந்து வைக்கணும்னு ஒரு இடம் போட்டிருக்கீங்களே, அது உங்க இடந்தானா?"

"என் நிரலோட நினைவகத்துல இருக்குற இடம் சார். என்னோடதேதான்."

"வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் எழுத்தர் வருத்தமில்லாமல். "போன வருஷம் ஒருத்தர் தன்னோட இடம்னு சொல்லி எங்க தலைவரோட இடத்தையே எழுதிக் கொடுத்துட்டார். போயிட்டு வெள்ளிக்கிழமை வாங்க."

வெள்ளிக்கிழமை கர்னல் பிரிவுத் தலைவரே இறங்கி வந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றபடிதான் பேசினார். மீசையும் கீழுதடும் மட்டும் கம்பிக்கு நடுவே தெரிந்தன.

"தம்பி, நீங்க செய்யறது வேலை. நாங்க செய்யறது காவல். உங்க நிரல் விழுந்தா நீங்க மட்டும் விழுவீங்க. நாங்க விழுந்தா எல்லாம் விழும். புரியுதா?"

"புரியுது சார். ஆனா குழந்தையோட சூடு..."

"குழந்தையோட சூடு எங்ககிட்ட பத்திரமா இருக்கு. ஒரு செகண்டுக்கு ஒரு தடவை அளக்கறோம். நாலு தசமம் வரைக்கும் துல்லியம். இந்த நாட்டிலேயே இவ்வளவு துல்லியமா யாரும் அளக்கறதில்ல."

"அதை வெளிய யாரும் பார்க்க முடியலையே சார்."

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். "எண் சரியா இருக்கறது எங்க பொறுப்பு. அது உங்களுக்குத் தெரியறது எங்க பொறுப்பு இல்ல. ரெண்டையும் குழப்பிக்காதீங்க."

டிஸ்ப்ளே வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். படியில் ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாடிக்காரி. சென்சாரோடு நேராகப் பேசும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர்; அதை எழுதுகிறவள் என்பதால் எல்லோரும் அவளை டிரைவரம்மா என்பார்கள். அவள் பஸ் ஓட்டுகிறாள் என்று அவளுடைய மாமியார் இன்னமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அவள். "அரை நாள் வேலைண்ணே இது. நினைவகத்துல ஒரே ஒரு பக்கம். நான் உள்ளேருந்து அதுல எழுதுவேன். நீங்க வெளியேருந்து பார்க்கலாம், ஆனா தொட முடியாது. நகலே வேண்டாம்."

"அப்ப ஏன் செய்யல?"

"நகலே வேண்டாம்னு சொன்னேன். ஒரு மாசமா என்கிட்ட யாரும் பேசறதில்ல."

விஷயம் எல்லைக் குழுவுக்குப் போனது. ஒன்பது பேர், நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். கடைசி நாற்காலியில் டிஸ்ப்ளேவை உட்காரவைத்தார்கள். எண்ணை வெளியே இருப்பவர் கேட்டு வாங்குவதா, மாறும்போது உள்ளே இருப்பவரே சொல்லிவிடுவதா என்று முதல் நாள் முழுக்க விவாதித்தார்கள். கேட்காமல் சொல்வது கர்னலின் கௌரவத்துக்குக் குறைவு என்று முடிவானது. பதினொரு நிமிடம் என்ற புகாரை இரண்டாம் நாள் எடுத்துக்கொண்டார்கள்.

"அடுக்குகளைக் குறைக்கறதுங்கற பேச்சுக்கே இடமில்ல" என்றார் கர்னல் பிரிவுத் தலைவர். "ஒவ்வொண்ணும் ஒரு தணிக்கையோட நினைவு."

"அப்ப தாமதம் தாமதமாத்தானே இருக்கும்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"தாமதம்னு யார் சொன்னது? திரையில என்ன போட்டிருக்கு? 'இப்போதைய சூடு'ன்னு போட்டிருக்கு. இந்த 'இப்போது'ங்கறதை நாம எங்கயாவது வரையறுத்திருக்கோமா?"

கோப்புகளைப் புரட்டினார்கள். வரையறுத்திருக்கவில்லை. அறையில் ஒரு நிம்மதி பரவியது. மாலைக்குள் தீர்மானம் தயாரானது: 'இப்போது என்பது, பேசப்படும் கணத்துக்கு முந்தைய பதினொரு நிமிடத்துக்குள் அடங்கும் எந்தக் கணத்தையும் குறிக்கும். எதிர்காலத் தேவையைக் கருதி இது பதினைந்து நிமிடமாக நிர்ணயிக்கப்படுகிறது.' இதனால் நான்கு நிமிடம் மிச்சமாகிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அந்த நான்கு நிமிடத்தில் இன்னும் இரண்டு அடுக்குகள் கூட்டலாம் என்று தலைவர் குறித்துக்கொண்டார்.

புகார் எங்கிருந்து கிளம்பியது என்றும் விசாரித்தார்கள். நர்சுகள் கையை வைத்துப் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது. எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். மறுநாளே சுற்றறிக்கை எண் எட்டு எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. பெட்டியில் வைக்கப்பட்டவரின் உடல்நிலைக்குத் திரையில் உள்ள எண் ஒன்றே ஆதாரம். கை, தெர்மாமீட்டர், நோயாளியின் தோற்றம், நோயாளியின் குரல் ஆகியவற்றை ஆதாரமாகக் கொள்ளக்கூடாது. திரை மேல் ஒட்டிய பிளாஸ்திரிகளை உடனே உரித்துவிட வேண்டும்.

டிஸ்ப்ளேவின் மனைவி சுற்றறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் அவருடைய தட்டுக்கு அடியில் வைத்தாள்.

"கேட்டுப் பார்த்தேன்மா" என்றார் அவர்.

"நல்லாத்தான் கேட்டிருக்கீங்க. இருந்த பிளாஸ்திரியும் போச்சு." அவள் குரலில் கோபமில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நாங்க தெர்மாமீட்டரை இப்ப சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு சுத்தறோம். திருட்டுத்தனமா குழந்தையைத் தொட்டுப் பார்க்கறோம். இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பொழைப்பு."

அவர் தட்டைத் தூக்கி, சுற்றறிக்கையை இன்னொரு தடவை படித்தார்.

அடுத்த மாதம் பாதுகாப்பு விழா வந்தது. அனுமதியில்லாத ஓர் எண்கூட எல்லையைத் தாண்டாமல் ஆயிரம் நாட்கள் நிறைந்ததைக் கொண்டாட, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே ஏற்பாடு செய்தார்கள். மேடையில் ஒரு காலிப் பெட்டி. பக்கத்து மேஜை மேல் அதன் சென்சார். அரங்கில் ஏசி குளிர்ந்துகொண்டிருந்தது. மேடையின் ஓரத்தில் டிஸ்ப்ளேவின் மனைவியும் இரண்டு நர்சுகளும் வெள்ளை உடுப்பில் அலங்காரத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

நிறுவனத்தின் தலைமை இயக்குநர் பேசினார். ஆஜானுபாகுவான மனிதர்.

"மனுஷன் தப்பு பண்ணுவான். கை தப்பு பண்ணும். கண் தப்பு பண்ணும். எங்க திரை தப்பு பண்ணாது. ஒரு குழந்தை சிரிச்சுக்கிட்டு இருந்தாலும், திரை சரியில்லன்னு சொன்னா, அது சரியில்ல! சுற்றறிக்கை எட்டுல நானே கையெழுத்துப் போட்டேன். என்னையே இந்தத் திரைகிட்ட ஒப்படைக்க நான் தயார்!"

கைதட்டல் எழுந்தது. அந்த உற்சாகத்தில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சென்சாரை எடுத்து மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டார். திரையில் 'நோயாளி சேர்க்கப்பட்டார்' என்ற பொத்தானையும் அழுத்தினார். புகைப்படக்காரர்கள் முன்னால் வந்தார்கள்.

திரையில் இருபத்து நான்கு என்று வந்தது. மேஜை மேல் கிடந்த சென்சாரின் சூடு அது. வரையறைப்படி, அதுதான் இப்போது. பெட்டி அலறத் தொடங்கியது. திரையின் கணக்கில் தலைமை இயக்குநர் காலமாகிச் சில மணி நேரம் ஆகியிருந்தது.

டிஸ்ப்ளே கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றார். அவர் மனைவி மேடையில் ஒரு கணம் திரையைப் பார்த்தாள், ஒரு கணம் இயக்குநரைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த நர்சிடம், "கம்பளி எடுத்துட்டு வா. நாலு" என்றாள்.

"என்னம்மா இது?" என்றார் இயக்குநர்.

"படுங்க ஐயா. உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நீங்க சொல்றதை நாங்க எடுத்துக்கக்கூடாதுங்கய்யா. நோயாளியின் குரல். சுற்றறிக்கை எட்டு."

இரண்டு நர்சுகள் அவரைத் தாங்கிப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். நான்கு கம்பளிகள் போர்த்தப்பட்டன. காலடியில் ஒன்றும் விலாவில் இரண்டுமாக வெந்நீர்ப் பைகள் வந்தன. இயக்குநரின் முகம் சிவந்து வியர்வை ஊற்றியது. அதையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது நோயாளியின் தோற்றம். பெட்டி அலறிக்கொண்டே இருந்தது.

"யோவ்!" என்று கர்னல் பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டார் இயக்குநர். "நான் உயிரோட இருக்கேன்னு சொல்லுய்யா!"

தலைவர் கையில் ஒரு சிறு கருவி இருந்தது. கர்னலுக்குள் நடப்பதை அவர் மட்டும் அதில் பார்க்கலாம். பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், உங்க சூடு எங்ககிட்ட வந்தாச்சு. மணிக்கட்டுல ரொம்ப ஆரோக்கியமான எண். நாலு தசமம் வரைக்கும் இருக்கு."

"அதை இந்தம்மாகிட்ட சொல்லுய்யா!"

"சொல்ல முடியாதே சார். இன்னும் நாலாவது அடுக்குலதான் இருக்கு. நான் வாயால சொல்லிட்டா அனுமதியில்லாத எண் எல்லையைத் தாண்டின மாதிரி ஆயிடும். ஆயிரம் நாள் சாதனை போயிடும் சார்." பிறகு ஆறுதலாக, "இன்னும் ஆறே நிமிஷம்" என்றார்.

டிஸ்ப்ளேவின் மனைவி இன்னொரு கம்பளி கேட்டு வாங்கினாள்.

பதினோராவது நிமிடத்தில் திரையில் முப்பத்து நான்கு வந்து, ஏறி, அலாரம் நின்றது. இயக்குநர் கம்பளிகளை உதறி எழுந்து, சென்சாரைப் பிய்த்து எறிந்துவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறிப் போனார். வெந்நீர்ப் பைகளின் விளைவு அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்து சேர்ந்தது. ஆளில்லாத மேடையில் பெட்டி அவருக்குக் கடுங்காய்ச்சல் என்று வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது.

விசாரணை அறிக்கை மூன்று வாரத்தில் வெளியானது. எண்ணில் பிழையில்லை என்றும், தலைமை இயக்குநர் உரிய நேரத்துக்கு முன்பே உயிரோடு இருந்ததே குழப்பத்துக்குக் காரணம் என்றும் எல்லைக் குழு அதில் கண்டறிந்திருந்தது. மனைவிக்கு என்ன தண்டனை வருமோ என்று டிஸ்ப்ளே தூக்கமில்லாமல் கிடந்தார். சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்ததற்காக அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

இயக்குநரிடமிருந்தும் ஓர் உத்தரவு வந்தது. இனி விழாக்களில் வைக்கப்படும் பெட்டிகளில் மட்டும் சூடு ஒரு விநாடிக்குள் தெரிய வேண்டும். அதற்கு 'விழா நிலை' என்று பெயர். விழா முடிந்ததும் பெட்டி வழக்கமான பாதுகாப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.

டிரைவரம்மா படியில் காத்திருந்தாள். "அண்ணே, ஒரு பக்கம்" என்றாள்.

"ஒரே பக்கம்" என்றார் டிஸ்ப்ளே.

அரை நாளில் முடித்துவிட்டார்கள். உள்ளே அவள் எழுதினாள். வெளியே இவர் பார்த்தார். எதுவும் விழவில்லை, எதுவும் இடியவில்லை. சென்சாரை உள்ளங்கையில் வைத்து மூடினால் திரையில் எண் கையோடு கையாக ஏறியது. டிஸ்ப்ளே அதை ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தார். பதினான்கு வருடத்தில் தன் திரை உண்மை பேசி அவர் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் விழா நிலைக்கான விண்ணப்பத்தோடு எல்லை ஜன்னலுக்குப் போனார். எழுத்தர் நகல் எடுக்கும்வரை பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எழுத்தர் படித்தார். விழா நடக்கும் இடம் என்ற வரியில் டிஸ்ப்ளேவின் மனைவி வேலை பார்க்கும் வார்டின் பெயர் இருந்தது. பெட்டிகளின் எண்ணிக்கை, பதினாறு. தொடங்கும் தேதி, இன்று.

"முடியற தேதி போடலையே?" என்றார் எழுத்தர்.

"இன்னும் முடிவாகலைங்க."

எழுத்தர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கம்பிக்கு நடுவே டிஸ்ப்ளேவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விதிப் புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டினார். "முடியற தேதி கட்டாயம்னு இதுல எங்கயும் சொல்லல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். "மத்த மருத்துவமனையிலயும் விழா இருக்கும்ல? அதுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

எல்லைக் குழு இப்போதும் கூடுகிறது. பத்தாவது அடுக்கைப் பற்றிய விவாதம் நல்ல முன்னேற்றத்தில் இருப்பதாகக் கேள்வி. மாதத்துக்கு ஒரு முறை அங்கிருந்து டிஸ்ப்ளேவுக்கு ஒற்றை வரிக் கடிதம் வருகிறது: 'விழா முடிந்துவிட்டதா?' அவர் மனைவிக்குப் போன் போட்டு, இன்று வார்டில் எத்தனை குழந்தைகள் என்று கேட்பார்.

"பதினாலு. ஏன்?"

"சும்மாதான்" என்று போனை வைத்துவிட்டு, கடிதத்தின் கீழேயே பதில் எழுதி அனுப்புவார்: 'நடந்துகொண்டிருக்கிறது.'